நோட்டீஸும் ஆல்டரேஷன் கூலியும்

இன்கம்டாக்ஸிலிருந்து ஈமெயில் வந்த மனிதரை ஆபீஸில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். வாங்கி வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். செல்போனை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிட் அடிக்கிற பையன் மாதிரி குனிந்து குனிந்து பார்ப்பார். "என்ன ஸார்?" என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பார். சும்மாவுக்கு இப்படி வியர்க்காது.

அந்த ஈமெயிலைத் திறப்பதே ஒரு பரீட்சை. பாஸ்வேர்ட் கேட்கும். பான் நம்பரைச் சின்ன எழுத்தில் அடித்து, ஒட்டினாற்போல் பிறந்த தேதி, மாதம், வருடம். கை நடுக்கத்தில் மூன்று தடவை தப்பாகப் போட்டு நாலாவது தடவை திறந்தால், பிரிவு 143(1) என்று தலைப்பு. ஒரு பக்கம் நீங்கள் கொடுத்த கணக்கு, பக்கத்தில் பெங்களூர் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. கடைசி வரியில் கட்ட வேண்டியது சைபர், திரும்பி வர வேண்டியது சைபர். அதாவது, 'உங்கள் கணக்கு சரி, போய் வேலையைப் பாருங்கள்' என்று அர்த்தம். சரி என்பதை இவ்வளவு பயமுறுத்திச் சொல்ல ஒரு சர்க்கார் இலாகாவால்தான் முடியும்.

(1961-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025-ல் புதுச் சட்டம் போட்டு, பிரிவு நம்பர்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். முந்தைய வருடக் கணக்குகளுக்குப் பழைய சட்டமும் பழைய நம்பர்களும்தான். இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் பழைய நம்பர்.)

எங்கள் ஆபீஸில் ஒருவர் இந்த சைபர்-சைபர் காகிதத்தை எடுத்துக்கொண்டு, ரிடர்ன் போட்டுக் கொடுத்தவரிடம் ஓடினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, 'ஹூம்' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, "பார்த்துக்கலாம், ஐந்நூறு கொடுங்க" என்றாராம். கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தார். ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு சைபர். அப்போதிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராயம் உண்டு. நோட்டீஸ் வந்தால் ஆடிட்டர் எப்போது காசு வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது?

இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்றால், மேற்கு மாம்பலத்தில் ரிடர்ன் போட்டுக் கொடுக்கும் ஒரு நண்பர் எனக்கு உண்டு. ஸீஸனில் சாயங்காலம் போனால் நல்ல காபி கிடைக்கும். அவர் ஸி.ஏ. இல்லை, வருமான வரி ப்ராக்டிஷனர். அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது யார் 'ஆடிட்டர் ஸார்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார். நம் ஊரில் கறுப்புக் கோட்டு போட்டால் வக்கீல், ஸ்டெத் இருந்தால் டாக்டர், மேஜையில் கால்குலேட்டர் இருந்தால் ஆடிட்டர்.

அவரிடம் நான் சொல்கிற உதாரணம் எப்போதும் டெய்லர்தான்.

தீபாவளிக்குப் பேண்ட் தைக்கக் கொடுக்கிறீர்கள். இடுப்பு 34 என்று நோட்டில் எழுதிவிட்டு 32 வெட்டினால், பிரித்துத் தைப்பது டெய்லர் செலவு. அவரே தலையைச் சொறிந்துகொண்டு வாங்கி வைத்துக்கொள்வார். தீபாவளி பட்சணத்தை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, பொங்கலுக்கு அதே பேண்ட்டை எடுத்துக்கொண்டு போய் 'இறுக்குது' என்றால், ஆல்டரேஷன் கூலி உங்களுடையது. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அளவும் சரி, தையலும் சரி, உங்கள் இடுப்பும் அப்படியே இருக்கிறது. முதல் தண்ணியில் துணி சுருங்கிவிட்டது. இப்போது யார் கொடுப்பது? சண்டை எல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

முதல் ரகத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். ஆடிட்டர் தப்பான ஃபாரத்தில் போட்டுவிட்டார், 139(9)-ன் கீழ் 'குறையுள்ள ரிடர்ன், 15 நாளில் சரி செய்' என்று வருகிறது. அல்லது ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டார். சரி செய்து கொடுக்கக் காசு கேட்பது அநியாயம். காகிதங்களை எல்லாம் ஜூன் மாதமே கொடுத்தும் அவர் கெடுவைத் தவறவிட்டால், தாமதக் கட்டணம் 5,000 ரூபாயும் (வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000) அவர் தலையில்தான். ஆனால் வரி? அது எப்படியும் நீங்கள் கட்ட வேண்டியது. 'உங்க தப்பாலதானே வந்தது' என்று வரியையே ஆடிட்டரைக் கட்டச் சொல்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். டெய்லர் தப்பாக வெட்டினால் துணிக்குக் காசு கேட்கலாம், உங்கள் இடுப்புக்குக் கேட்க முடியாது.

இரண்டாவது ரகம் சுவாரஸ்யமானது. நண்பரிடம் வரும் ஒருவருக்கு ஊரில் பூர்வீக வீட்டு வாடகை ரொக்கமாக வருகிறது. அண்ணனுக்குத் தெரியாமல் வாங்குகிறார். அண்ணனிடம் மறைத்து மறைத்துப் பழகியதில் ஆடிட்டரிடமும் மறைத்துவிட்டார். வேறொருவர் வீட்டு வாடகைப் படிக்காக ஒரு வீட்டுக்காரரையே கற்பனை செய்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை என்றால் வீட்டுக்காரர் பான் நம்பர் வேண்டும் என்றதும் அந்த வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். இவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் வந்தால் தாராளமாகக் காசு வாங்கலாம். இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கலாம் என்பது என் கட்சி. பொய்யை எழுத்தில் சமாளிப்பதைவிட, 'ஐயா, தப்பு நடந்துவிட்டது, வரியைக் கட்டிவிடுகிறோம்' என்று மரியாதையாக எழுதிக் கொடுப்பதற்கு அதிகத் திறமை வேண்டும். குறைத்துக் காட்டின வருமானத்துக்கு உண்டான வரியில் 50 சதவீதம் அபராதம், பொய்யாகக் காட்டினதென்றால் 200 சதவீதம் என்று 270ஏ பிரிவு சொல்கிறது. குறைத்துக் காட்டினதா, பொய்யாகக் காட்டினதா என்பதில்தான் ஆடிட்டர் தன் ஃபீஸைச் சம்பாதிக்கிறார்.

மூன்றாவது ரகம், துணி சுருங்கின கேஸ். ஒரு கம்பெனி சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்தது; ஆனால் சர்க்காருக்குக் கட்டவில்லை. பே ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறது, 26ஏஎஸ்-ஸில் இல்லை. பெங்களூர் கம்ப்யூட்டருக்குப் பே ஸ்லிப் தெரியாது. வரி கட்டு என்று டிமாண்ட் அனுப்பிவிட்டது. சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை மறுபடி சம்பளக்காரனிடமே கேட்கக் கூடாது என்று 205-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லி, பே ஸ்லிப், பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைத்து, போர்ட்டலில் ஏற்றி, அது 'ஃபைல் பெரிசு' என்று துப்பி, மறுபடி சின்னதாக்கி ஏற்றி... நண்பருக்கு மூன்று சாயங்காலம் போயிற்று. கேட்டது 1,500 ரூபாய். அந்தக் கட்சிக்காரர் கொடுத்தார், மறு வருடம் வரவில்லை. "என் தப்பா ஸார்? எதுக்கு நான் கொடுக்கணும்?" என்று ஊரெல்லாம் சொன்னாராம்.

அவர் தப்பில்லைதான். நண்பர் தப்பும் இல்லையே! மூன்று சாயங்காலம் உழைத்தவர், தப்பு செய்யாததற்காக இலவசமாக உழைக்க வேண்டுமா? அந்த நாளில் நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்கு ஆடிட்டர் நேரே போவார். ஆட்டோ, வெயில், வராந்தாவில் ஸ்டூல், 'ஆபீஸர் லஞ்ச்சுக்குப் போயிருக்கார்' எல்லாம் கட்சிக்காரர் கண்ணுக்குத் தெரியும். காசு கொடுக்க மனசு வரும். 2020-லிருந்து மதிப்பீடு முகம் பார்க்காமல் நடக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே. உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் காசு கொடுக்க நமக்குக் கை வருவதில்லை. நாம் எல்லோரும் ஆபீஸில் உட்கார்ந்துதான் சம்பளம் வாங்குகிறோம் என்பது வேறு விஷயம்.

ஆக, மூன்றாவது ரகத்தில் காசு வாங்கலாம். உழைப்புக்கு மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு. இந்த 'முன்கூட்டியே' மிக முக்கியம். நோட்டீஸ் வந்து, நாக்கு உலர்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கிறவனிடம் ரேட் பேசுவது, பிரசவ வார்டு வாசலில் ஆட்டோக்காரர் பேரம் பேசுவது மாதிரி. அவன் எதற்கும் தலையாட்டுவான். அப்புறம் ஜன்மத்துக்கும் திட்டுவான்.

இவ்வளவு தெளிவாக நான் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் பக்கத்து ஸீட் பையன் கேஸ் வந்தது. அது இந்த மூன்று ரகத்திலும் அடங்கவில்லை.

பையன் நல்லவன். 2024 அக்டோபரில் எங்கள் ஆபீஸில் சேர்ந்தான். அதற்கு முன் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வேறு கம்பெனி. அங்கே அந்த ஆறு மாதத்தில் 4 லட்சம், இங்கே மார்ச் வரை 6 லட்சம். நான்தான் அவனை நண்பரிடம் அனுப்பினேன். ரிடர்னுக்கு 700 ரூபாய். எங்கள் ஆபீஸ் கொடுத்த ஃபாரம் 16-ஐக் கொண்டு போய்க் கொடுத்தான். பழைய கம்பெனியில் ஃபாரம் 16 கேட்டு மூன்று மெயில் போட்டிருக்கிறான், பதில் இல்லை. சரி, வரியே பிடிக்காதபோது அது எதற்கு என்று விட்டுவிட்டான்.

அங்கேதான் விஷயம். 2024-25-ல் புது முறைப்படி, நிலைக்கழிவு 75,000 போக 7 லட்சம் வரை வருமானம் என்றால் வரி தள்ளுபடி. பழைய கம்பெனி அதன் 4 லட்சத்தை மட்டும் பார்த்தது: வரி இல்லை. எங்கள் கம்பெனி 6 லட்சத்தை மட்டும் பார்த்தது: வரி இல்லை. இரண்டு பேரும் தனித்தனியே சரி. கூட்டினால் 10 லட்சம். 75,000 போக 9,25,000. வரி 42,500, அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 44,200 ரூபாய். இரண்டு சைபரைக் கூட்டினால் நாற்பத்து நாலாயிரம் வருகிற கணக்கு உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான் உண்டு. வேலை மாறின இளைஞர்கள் இதை ஒரு தடவை நிறுத்திப் படிக்கவும்.

2025 டிசம்பரில் பையனுக்கு இலாகாவிலிருந்து செய்தி வந்தது. எங்களிடம் இருக்கும் தகவலும் உங்கள் ரிடர்னும் ஒத்துப்போகவில்லை, பார்த்துச் சரி செய்யுங்கள் என்று மரியாதையான பாஷையில்தான். டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிடர்ன் போட்டு, வரியையும் வட்டியையும் கட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

பையன் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் கேன்டீனில் ஒரு மேதாவி, "நோட்டீஸுக்கெல்லாம் ஆடிட்டருங்க அஞ்சாயிரம், பத்தாயிரம் வாங்குவாங்கடா" என்று சொல்லியிருக்கிறான். மாதக் கடைசி. தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் வேறு. ஐயாயிரத்துக்குப் பயந்து செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஜனவரி இரண்டாம் வாரம் டீ ஆறிக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் கேட்டபோதுதான் வெளியே வந்தது.

அதற்குள் திருத்தும் கெடு போய்விட்டது. மிச்சமிருந்த வழி 'அப்டேட்டட் ரிடர்ன்'. அதற்கு வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல் வரி. வட்டி சேர்த்து ஐம்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அதில் கால் பங்கு 12,700 ரூபாய். ஐயாயிரத்துக்குப் பயந்தவனுக்கு.

சாயங்காலம் பையனை அழைத்துக்கொண்டு மாம்பலம் போனேன். நண்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த அப்டேட்டட் ரிடர்னுக்கு 2,500 ஆகும் தம்பி" என்றார்.

"அவனுக்கு நீ எதுக்கு சார்ஜ் பண்ணணும்?" என்றேன் நான்.

"பழைய கம்பெனியைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானா? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"ஏ.ஐ.எஸ்.-ல இருந்திருக்குமே."

நண்பர் பதில் சொல்லவில்லை. காபி டபராவை ஆற்ற ஆரம்பித்தார். ஏற்கெனவே ஆறின காபி.

ஏ.ஐ.எஸ். என்பது வருடாந்தர தகவல் அறிக்கை. 2021 நவம்பரில் வந்தது. உங்கள் பெயரில் எந்த பாங்க் எவ்வளவு வட்டி கொடுத்தது, எந்தக் கம்பெனி எவ்வளவு சம்பளம் கொடுத்தது, என்ன ஷேர் விற்றீர்கள் என்று இலாகா தன்னிடம் இருக்கும் குறிப்பை நம்மிடமே காட்டுகிறது. பரீட்சைக்கு முன்னால் வாத்தியார் விடைத்தாளைக் கொடுத்து 'ஒரு தடவை பார்த்துக்கோ' என்கிற மாதிரி. ரிடர்ன் போடுகிற அதே போர்ட்டலில், அதே லாகினில் இருக்கிறது. ஆகவே என் கட்சி இது: ஏ.ஐ.எஸ். வருவதற்கு முன்னால் 'நீங்க சொல்லலையே' என்பது ஆடிட்டருக்கு நல்ல பதில். இப்போது அதில் இருக்கிற விஷயத்துக்கு அந்தப் பதில் செல்லாது. கட்சிக்காரர் சொல்லாவிட்டாலும் அது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் ரிடர்ன் போட்டால் இடுப்பை அளக்காமல் துணியை வெட்டினதுதான். அதில் இல்லாத ஊர் வீட்டு ரொக்க வாடகைக்கு 'நீங்க சொல்லலையே' இன்றைக்கும் செல்லும்.

இதை நான் அங்கே சொன்னபோது நண்பருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

"செப்டம்பர் 16 கடைசி நாள். கடைசி நாலு நாள்ல 140 ரிடர்ன். போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கு. ஒருத்தன் ஓ.டி.பி. சொல்ல மாட்டேங்கறான், பாங்க்ல யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கானாம். ஒவ்வொருத்தனுக்கும் ஏ.ஐ.எஸ். திறந்து வரி வரியாப் பார்க்க கால் மணி நேரம் ஆகும். 700 ரூபாய்க்கு எத்தனை கால் மணி நேரம் கொடுக்கறது? 900 கேட்டா எதிர்த்த கடையில 500-க்குப் போட்டுத் தரான்னு எழுந்து போயிடறான்!"

எதிர்த்த கடைக்காரர் எப்படி ஐந்நூறுக்குப் போடுகிறார் என்றால், பார்ப்பதே இல்லை. அப்புறம் நோட்டீஸில் வசூல் செய்துகொள்கிறார். ரிடர்னில் நஷ்டம், நோட்டீஸில் லாபம் என்று ஒரு தொழில் நடக்குமானால், ரிடர்னில் கவனமாக இருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? தையல் கூலி கம்மி, பிரித்துத் தைக்கத்தான் அதிகம் என்று ஒரு டெய்லர் போர்டு மாட்டினால் அவரிடம் துணி கொடுப்பீர்களா? நாம் கொடுக்கிறோம்.

இதைவிட மோசமான ரகம் ரீஃபண்டில் சதவீதம் கேட்கிறவர். 'எவ்வளவு திருப்பி வாங்கித் தரேனோ, அதுல பத்து பர்சென்ட்' என்பார். ஸி.ஏ.க்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, பலனில் சதவீதம் என்று ஃபீஸ் வாங்கக் கூடாது என்று 1949-ம் வருடத்து சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டமே சொல்கிறது. காரணம் புரிகிறது: ரீஃபண்ட் பெரிதாக ஆக அவர் பங்கும் பெரிதாகும், கூடவே கற்பனையும் பெரிதாகும். 2025 ஜூலை 14 அன்று இலாகா நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. கட்சி நன்கொடை, மருத்துவச் செலவு என்று பொய்க் கழிவு போட்டு, ரீஃபண்டில் கமிஷன் வாங்கினவர்கள்தான் இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு. அப்போது இலாகா சொன்ன விவரங்களில் எனக்கு மறக்காதது ஒன்று: சில ஏஜென்ட்டுகள் மொத்தமாக ரிடர்ன் போடுவதற்கென்றே தற்காலிக ஈமெயில் முகவரிகள் வைத்திருந்தார்கள், வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நோட்டீஸ்கள் அந்த முகவரிக்கு வந்து, திறக்க ஆளில்லாமல் கிடந்தன. இவர்களிடம் நோட்டீஸுக்கு எவ்வளவு சார்ஜ் என்ற கேள்விக்கே இடமில்லை. நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாது. போர்ட்டலில் உங்கள் பெயருக்கு எதிரே யாருடைய ஈமெயில், யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மிச்சக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.

பையன் கேஸில் அன்று இரவு ஒன்பதரைக்கு ஒரு முடிவுக்கு வந்தோம். அப்டேட்டட் ரிடர்ன் இலவசம். நண்பரே சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வரியும் வட்டியும் பையனுடையது, அதில் பேச்சே இல்லை. அவன் சம்பாதித்த பணம். அந்த 12,700? நண்பர் பார்த்திருந்தால் செப்டம்பரிலேயே தீர்ந்திருக்கும். பையன் காட்டியிருந்தாலும் டிசம்பரில் தீர்ந்திருக்கும். கடைசி வாய்ப்பைக் கைவிட்டவன் பையன். ஆகவே அது அவன் தலையில் என்றேன் நான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்தான், "அவன் ஏன் காட்டலை? எவ்வளவு கேப்பேன்னு அவனுக்குத் தெரியலை. அதை நான் சொல்லியிருக்கணும் இல்லையா?" என்றார். பாதியை அவர் ஏற்கிறேன் என்றார். பையன் வேண்டாம் என்றான். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை பண்ணிக்கொண்டிருந்ததில் எனக்குக் கடைசி பஸ் போய்விட்டது. கடைசியில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ராத்திரி நண்பர் சொன்னதிலிருந்துதான் என் அபிப்பிராயத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தது: நோட்டீஸைப் படித்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. யார் தப்பாக இருந்தாலும் சரி. பதில் எழுதினால், ஆபீஸருக்கு விளக்கம் கொடுத்தால், அப்பீல் போட்டால் காசு. படிப்பதற்கு இல்லை. ஏனென்றால் படிக்கக் காசு என்றால் ஜனங்கள் காட்ட மாட்டார்கள். மறைப்பார்கள். நோட்டீஸ் என்பது பல்வலி மாதிரி, மறைக்க மறைக்க ரேட் ஏறும். படித்துப் பார்த்தால் பாதி சமயம் சைபர்-சைபராக இருக்கும். சில சமயம் நோட்டீஸே போலியாக இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் இலாகாவின் ஒவ்வொரு கடிதத்திலும் டி.ஐ.என். என்று ஒரு அடையாள எண் இருக்க வேண்டும், அதைப் போர்ட்டலில் போட்டு நிஜமா பொய்யா பார்க்கலாம். நண்பரிடம் ஒருவர் 'வரி பாக்கி, உடனே இந்த லிங்க்கில் கட்டவும்' என்று வந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினார். நண்பர் அரை நிமிஷத்தில் "அழிச்சுடுங்க" என்றார். படிக்க ஐந்நூறு என்றிருந்தால் அவர் ஐந்நூறை மிச்சம் பண்ணி, லிங்க்கை அழுத்தியிருப்பார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி 'பாருங்க'ங்கறானே?" என்றார் நண்பர்.

அதற்கும் ஒரு வழி கண்டோம். இலவசம்தான், ஆனால் நேரம் உண்டு.

'எல்லோரிடமும் நூறு ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, எந்த நோட்டீஸ் வந்தாலும் இலவசம்' என்று போட்டால் என்ன என்றும் யோசித்தோம். இன்ஷூரன்ஸ் மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கிற ரிடையர்ட் ஹெட்மாஸ்டர், ஊர் வீட்டு வாடகையை மறைக்கிறவருக்காக வருடா வருடம் நூறு ரூபாய் கட்டுகிறார் என்று ஆகும். நண்பர் வேண்டாம் என்றுவிட்டார். ஹெட்மாஸ்டர் அவருக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர்.

புது ரசீதுப் புத்தகம் அடித்திருக்கிறார். பின்பக்கம் தமிழில், கொட்டை எழுத்தில்: ரிடர்ன் 1,000 ரூபாய், ஏ.ஐ.எஸ். பார்ப்பது உட்பட. நோட்டீஸ் வந்தால் படித்துச் சொல்ல இலவசம், மாலை 6 முதல் 7 வரை நேரில். எங்கள் தவறு என்றாலோ, ஏ.ஐ.எஸ்.-ல் இருந்ததை நாங்கள் விட்டிருந்தாலோ, சரி செய்வதும் இலவசம். நீங்கள் சொல்லாமல் விட்டது, கம்பெனியோ இலாகாவோ செய்தது என்றால் சாதாரணப் பதிலுக்கு 1,500. அதற்கு மேல் வேலை என்றால் ஆரம்பிக்கும் முன்பே தொகை சொல்லப்படும். கடைசி வரி நான் சொல்லிச் சேர்த்தது: நோட்டீஸ் வந்த மூன்று நாளுக்குள் காட்டவும்.

புத்தகம் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பழைய வருடத்துக் கணக்கு ஒன்றோடு ஒருவர் வந்தார். ரசீதை வாங்கினார், திருப்பினார், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். நண்பர் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ரொம்ப நியாயமாப் போட்டிருக்கீங்க ஸார்" என்றார் வந்தவர். "ஆமா, போன வருஷம் 700 தானே வாங்கினீங்க?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.